முப்பத்தெட்டு ‘சரி’

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி தீ வைத்தானா, இல்லையா? உன் கடிதத்தில் கேள்வி என்று இருந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் மழை, உன் மூட்டு வலி, பேத்திக்கு முளைத்த பல். எனக்குத் தெரியாது அக்கா. மழுப்புவதற்காகச் சொல்லவில்லை. பதினொரு மாதமாக இந்தக் கேள்வியோடுதான் எழுந்திருக்கிறேன், ஆய்வகத்துக்குப் போகிறேன், ஊராரின் குடிதண்ணீரைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறேன், வீடு திரும்புகிறேன். ஜாமீனில் வந்ததிலிருந்து ஆறு மாதமாக அவன் என் வீட்டு முன்னறையில்தான் படுக்கிறான். அவனிடம் ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை என்பதை எழுதினால்தான் உனக்கு நான் பதில் எழுதியதாகும். நாளை தீர்ப்பு.

உனக்கு எல்லாமே துண்டு துண்டாகத்தான் வந்து சேர்ந்திருக்கும். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

அச்சகத்தின் காகித அறை எரிந்தது ஒரு சனிக்கிழமை மதியம். வேலை முடிந்து எல்லாரும் கிளம்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கடைசியாகக் கதவைப் பூட்டிவிட்டு வந்தவன் தம்பி. அதற்கு இரண்டு நாள் முன்னால், பதினெட்டு வருடமாக அவன் ஓட்டிய பெரிய மெஷினிலிருந்து அவனை இறக்கி, தாள் எண்ணிக் கட்டும் மேசைக்கு மாற்றியிருந்தார் முதலாளி. எல்லார் முன்னிலையிலும் தம்பி சத்தம் போட்டிருக்கிறான். தீயை அணைக்க உள்ளே ஓடிய காவலாளிக்கு இடது கை முழங்கை வரை வெந்துவிட்டது. ராணுவத்தில் இருந்தவர் என்பதால் அச்சகத்தில் அவரைப் ‘பட்டாளம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்த தம்பியைப் போலீசார் அழைத்துப்போனார்கள்.

எனக்கு வக்கீல் யாரையும் தெரியாது. நம் குடும்பத்தில் யாரும் கோர்ட் வாசலை மிதித்ததில்லை என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோமே, அந்தப் பெருமை அன்று ஒன்றுக்கும் உதவவில்லை. முதலில் பார்த்தவருக்குக் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய அலுவலகம். “கவலையே படாதீங்க மேடம், ஆள் வெளிய வந்தாச்சுன்னே வச்சுக்குங்க” என்றார். அரை மணி நேரத்துக்குள் தம்பியின் பெயரை இரண்டு விதமாகச் சொன்னார், இரண்டும் அவன் பெயர் இல்லை. இரண்டாவது ஆள் என் வீட்டுக்காரரின் சிநேகிதர் அனுப்பியவர். குரலைத் தாழ்த்தி, “ஜட்ஜ் நம்ம ஆளு” என்றார். நீதிபதி அப்படிச் சுலபமாக ஒருவருடைய ஆளாகிவிடுவார் என்றால் எதிர்த்தரப்புக்கும் ஆளாகிவிட மாட்டாரா என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

அதன் பிறகு நான் செய்ததை நினைத்தால் எனக்கே சிரிப்பாக இருக்கிறது. ஆய்வகத்துக்குப் புதுக் கருவி வாங்கும்போது விற்பவர் பேச்சை நாங்கள் கேட்பதில்லை. அது வேலை செய்யும் இடத்துக்குப் போய்ப் பார்ப்போம். அதுபோல மூன்று நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கோர்ட்டின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். முதல் நாள் அங்கே வழக்குக் கட்டுகளைச் சுமக்கும் பணியாளர், “யம்மா, நீங்க எந்தக் கேஸு?” என்று கேட்டார். எந்தக் கேஸும் இல்லை, பார்க்க வந்திருக்கிறேன் என்றேன். “இங்க என்ன சினிமாவா ஓடுது?” என்று முறைத்துவிட்டுப் போனார். மறுநாள் அவரே மின்விசிறிக்குக் கீழே எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். அவருக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள் மதியம்தான் அந்த அம்மாவைப் பார்த்தேன். என் வயது இருக்கும். குள்ளம். கறுப்புக் கோட்டின் முழங்கை நைந்து நரைத்திருந்தது. கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருந்ததால் எல்லாரும் ‘பென்சில் வக்கீல்’ என்றார்கள். சைக்கிள் திருடியதாகப் பிடிபட்ட ஒருவனுக்காக வாதாடிக்கொண்டிருந்தார். அவனுக்காக அங்கே வேறு ஒரு ஜீவன்கூட வரவில்லை. நீதிபதி ஏதோ ஒரு தேதியைக் கேட்டதும் இந்த அம்மா, “அது எனக்குத் தெரியாது ஐயா. பாத்துட்டு நாளைக்குச் சொல்றேன்” என்றார். மூன்று நாளில் பதினாறு வக்கீல்களைப் பார்த்திருந்தேன். ‘தெரியாது’ என்ற சொல் ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. நோட்டை மூடிவிட்டு அவர் பின்னால் போனேன்.

அவருடைய அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே. இரண்டு நாற்காலி, கூரையைத் தொடும் கோப்புகள். ஒரு கோப்பை உருவினால் எல்லாம் சரிந்துவிடும் என்று பயமாக இருக்கும். முதல் நாளே சில விஷயங்களைச் சொன்னார். ஜெயிப்போம் என்று வாக்குக் கொடுக்க மாட்டார். கட்டணம் எவ்வளவு, எதற்கு என்று எழுதித் தந்துவிடுவார். நல்லது கெட்டது எல்லாம் தன்னிடம் வந்துவிட வேண்டும். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியாக, “அன்னைக்கு என்ன நடந்ததுன்னு மட்டும் தம்பிகிட்ட நீங்க கேக்கக் கூடாது” என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று கேட்டேன். “கேட்டா சொல்லுவாரு. சொன்னா உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சா உங்களைக் கூண்டுல ஏத்திக் கேப்பாங்க. உங்களுக்குப் பொய் சொல்ல வருமா?” என்றார். வராது என்றேன். “மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. அதான் சொல்றேன்” என்றார்.

ஆகவே கேட்கவில்லை. சிறையில் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, சோறு சரியாக இருக்கிறதா, கொசு கடிக்கிறதா என்று பேசிவிட்டு வருவேன். பிறகு வீட்டிலும் அப்படியே. அவன் என் புடவைகளுக்கு இஸ்திரி போட்டுத் தருவான், குழாய்க்கு வாஷர் மாற்றுவான், நான் நன்றி சொல்வேன், அவன் தலையைக் குனிந்துகொள்வான். நாங்கள் இருவரும் அந்தக் கேள்வியை வீட்டுக்குள் வந்துவிட்ட பாம்பைப்போலச் சுற்றிச் சுற்றி நடந்தோம். ஆரம்பத்தில் எனக்கு வக்கீலம்மா மேல் கோபம்கூட வந்தது. இப்போது இல்லை. கேட்டிருந்தால், அவன் எந்தப் பதில் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன். என் குணம் உனக்குத் தெரியும்.

ஒரு தப்பும் செய்தேன். தம்பி தன்னோடு வேலை பார்ப்பவருக்குக் கோபத்தில் அனுப்பிய ஒரு செய்தி இருந்தது: ‘இந்த இடம் உருப்படாது, சாம்பலாத்தான் போகும்.’ அந்த ஆள் அதை எனக்குக் காட்டினார். நான் வக்கீலம்மாவிடம் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் போய்ச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்துச் சீவினார். “கெட்டதை நான் முதல்ல உங்க வாயால கேக்கணும். எதிர்க்கட்சி வக்கீல் வாயால கேட்டேன்னா, அப்ப நான் முழிக்கிற முழியை ஜட்ஜும் பாப்பாரு” என்றார். அவ்வளவுதான். அந்தச் செய்தியை அவர் மறைக்கப் பார்க்கவில்லை. அரசு வக்கீல் அதைப் படித்தபோது வக்கீலம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

காகித அறையின் மூலையில் மை துடைத்த துணிகளைப் போடும் ஒரு தகரத் தொட்டி உண்டு. அச்சு மையில் இருக்கும் எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு உண்டாகும். துணி குவிந்து கிடந்து சூடு வெளியேற வழியில்லாவிட்டால், யாரும் எதுவும் செய்யாமலே பற்றிக்கொள்ளும். நான் வேதியியல் படித்தவள். சாட்சி சொல்ல வருகிறேன் என்றேன். “அக்கா சொல்ற சயின்ஸை யாரும் நம்ப மாட்டாங்க. எனக்குச் சொல்லிக் குடுங்க” என்றார். மூன்று மாலை அவருக்குப் பாடம் எடுத்தேன். அப்படிப்பட்ட மாணவி எனக்கு வாய்த்ததில்லை. பிறகு அவரே ஓய்வுபெற்ற தீயணைப்பு அதிகாரி ஒருவரைத் தேடிப் பிடித்துச் சாட்சியாக்கினார். வாரக் கடைசியில் அந்தத் தொட்டியைக் காலி செய்வது யார் பொறுப்பு என்று அரசு வக்கீல் கேட்டார். அச்சகத்தின் வேலைப் பட்டியலில் அதற்கு எதிரே யார் பெயரும் இல்லை.

ஆனால் வழக்கின் உயிர் வேறு இடத்தில் இருந்தது. போலீஸ் விசாரணையைப் பதிவு செய்து எழுத்தில் கொடுத்திருந்தார்கள். ஐம்பத்திரண்டு கேள்வி. அதில் முப்பத்தெட்டுக்குத் தம்பி சொன்ன பதில் ஒரே சொல், ‘சரி’. நீங்கதான் கடைசியா பூட்டினது? சரி. முதலாளி மேல கோவம்? சரி. அந்தக் கோவத்துல காகிதக் கட்டுக்குத் தீ வச்சுட்டு வெளிய வந்துட்டீங்க? சரி. காகிதத்தில் படித்தால் குலை நடுங்கும். நான் ஐந்து முறை படித்தேன். ஐந்து முறையும் அவன் ஒப்புக்கொண்டுவிட்டான் என்றுதான் எனக்குப் பட்டது.

உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். அவனை வளர்த்தவள் நீ. பாத்திரம் கழுவு, கணக்குப் போடு, தலைக்கு எண்ணெய் வை என்று நீ ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் அடுக்கிக்கொண்டே போவோம், அவன் ‘சரி, சரி’ என்பான், ஒன்றையும் செய்ய மாட்டான். “சரின்னு சொன்னியேடா!” என்று நீ அகப்பையோடு துரத்துவாய். நான் பட்டம் வாங்கியவள், எனக்கு உறைக்கவில்லை. வக்கீலம்மாவுக்கு இரண்டாம் சந்திப்பிலேயே உறைத்துவிட்டது. வலைக்கு அந்தப் பக்கம் இருந்தவனிடம் ஏதேதோ விளக்கிக்கொண்டே வந்தவர், அதே குரலில், “நாம ரெண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடத்துலதான் படிச்சோம், நான் உங்க பென்சிலைத் திருடிட்டேன்” என்றார். தம்பி “சரி” என்றான். அவர் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அன்று வீட்டுக்கு வந்து சொன்னதும் அதிகம் சிரித்தது என் வீட்டுக்காரர்தான். அன்றைக்கு அவர் தொலைபேசியில் பேசியபோது நான் எண்ணினேன். பத்து நிமிடத்தில் அவரே இருபத்தோரு ‘சரி’ சொன்னார்.

சிரிப்பு வேறு, நிரூபிப்பது வேறு. எழுதிய பிரதி போதாது என்று ஒலிப்பதிவையே கேட்டு வாங்கினார் வக்கீலம்மா. ஒரு வாரம் அதையே கேட்டிருக்கிறார். சில ‘சரி’கள் கேள்வி முடிவதற்கு முன்பே வந்திருந்தன. பதினான்காம் பக்கத்தில் விசாரணை அதிகாரி, “உங்களுக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு, அதுங்களையாவது நெனச்சுப் பாத்தீங்களா?” என்று கேட்டிருந்தார். வேறு யாருடைய கோப்பையோ பார்த்துக் கேட்டிருக்க வேண்டும். கல்யாணமே ஆகாத நம் தம்பி அதற்கும் ‘சரி’ என்றிருந்தான். ஐந்து முறை படித்த என் கண்ணுக்கு அது தட்டுப்படவில்லை.

விசாரணை அதிகாரி கெட்டவர் இல்லை. வேலைப் பளு அழுத்திய, மரியாதையாகப் பேசுகிற மனிதர். அவரைக் குறுக்கு விசாரணை செய்த நாளில் வக்கீலம்மா பிள்ளைகள் விஷயத்தை முதலில் கேட்டார். அவர் கோப்பைப் புரட்டிப் பார்த்து, தவறு நடந்துவிட்டது என்று ஒத்துக்கொண்டார். பிறகு இந்த அம்மா கதை சொல்வதுபோல நீட்டி முழக்க ஆரம்பித்தார். “நீங்க இருபது வருஷமா இந்த வேலையில இருக்கீங்க.” அவர் “சரி” என்றார். “அன்னைக்கு ஒரே நாள்ல மூணு கேஸ் உங்க தலையில.” “சரி.” “அந்த அவசரத்துல இவரை நீங்க ஒழுங்கா விசாரிக்கலை.” “சரி” என்று சொல்லிவிட்டுத்தான் அவர் நாக்கைக் கடித்தார். பின் பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். “ஒத்துக்கறீங்களா?” என்றார் வக்கீலம்மா. “இல்ல மேடம், நீங்க சொல்றதைக் கேட்டுக்கிட்டிருக்கேன்னு சொன்னேன்” என்றார் அவர். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். வக்கீலம்மா நன்றி சொல்லி உட்கார்ந்துவிட்டார். இப்படி நடக்கும் என்று தெரிந்தேதான் கேட்டீர்களா என்று பிறகு கேட்டேன். “அவரும் நம்ம பாஷைதானே பேசறாரு” என்றார்.

இது போதுமா என்பது நாளைக்குத்தான் தெரியும். இன்று மாலை வக்கீலம்மா அழைத்தார். இரண்டு செட் துணி, இரத்த அழுத்த மாத்திரை, மருத்துவர் சீட்டு எல்லாம் ஒரு பையில் எடுத்து வரும்படி சொன்னார். “தேவைப்படாம இருக்கட்டும். ஆனா இருக்கட்டும்” என்றார். ஏழு வருடம் வரை தண்டனை கிடைக்கலாம் என்று அவர் முதல் நாளே சொல்லியிருக்கிறார். தம்பி இப்போது பக்கத்து அறையில் அந்தத் துணிகளை மடித்துக்கொண்டிருக்கிறான். விளிம்போடு விளிம்பு சேர்த்து மடிக்கிறான், அச்சகத்துத் தாள் மாதிரி.

ஒன்று சொல்ல வேண்டும். நன்றி என்ற சொல்லை நான் அளந்து பயன்படுத்துகிறவள். இந்த அம்மாவுக்கு என் நன்றியை எப்படி அளப்பது என்று தெரியவில்லை. நாம் இருவரும் அவனோடு பிறந்தவர்கள். செய்தானா என்று தெரிந்தால்தான் அவன் பக்கத்தில் நிற்பதா வேண்டாமா என்று நம்மால் முடிவு செய்ய முடியும் என்றிருந்தோம். உன்னைக் குற்றம் சொல்லவில்லை, நானும் அப்படித்தான் இருந்தேன். அவர் அந்தக் கேள்வியைத் தொடாமலே பதினொரு மாதம் அவன் பக்கத்தில் நின்றார்.

நாளைக்கு வந்து மீதியை எழுதிவிட்டுத்தான் உறையை ஒட்டுவேன்.

*

மறுநாள், மாலை ஐந்து மணி.

பதினொன்றரைக்குக் கூப்பிட்டார்கள். நீதிபதி இருபது நிமிடம் படித்தார். சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிப்பதாகக் கடைசி வரியில் வந்தது. தம்பிக்குப் புரியவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தான். வக்கீலம்மா அவன் தோளில் தட்டி, “வீட்டுக்குப் போலாம்னு அர்த்தம்” என்றார். ‘சந்தேகத்தின் பலன்’ என்பது உனக்குக் குறையாகப் படலாம். நான் பிழைப்பே சந்தேகத்தில் நடத்துகிறவள். அதனால் ஒருவருக்கு நல்லது நடந்து இன்றுதான் பார்த்தேன்.

வராந்தாவில் அவருக்குச் சொல்ல நல்ல வாக்கியமாக ஒன்று யோசித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்ததும், “சாப்பிட்டீங்களா?” என்றுதான் வந்தது. “அடுத்த கேஸ் முடியட்டும்” என்று சொல்லிவிட்டுக் கோப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு நான்காம் அறையைப் பார்த்து நடந்தார். கதவு வரை போனவர் திரும்பி, “இனிமே நீங்க ரெண்டு பேரும் பேசிக்கலாம்” என்றார்.

பேருந்து நிறுத்தத்தில், நான் கேட்காமலே தம்பி சொன்னான். இரண்டு பேருந்தை விட்டுவிட்டு முழுவதையும் கேட்டேன். அவன் சொன்னதில் தீக்குச்சி இல்லை அக்கா. கோபத்தில் அன்று செய்யாமல் விட்டுவந்த ஒரு வேலை இருந்தது. சனிக்கிழமைதோறும் அந்தத் தொட்டியைக் காலி செய்து வந்தவன் அவன்தான், யாரும் சொல்லாமலே, பதினெட்டு வருடமாக. “இனி எனக்கென்னன்னு விட்டுட்டு வந்துட்டேன் சின்னக்கா” என்றான். நான் அவனை நம்புகிறேன். இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைக் கோடு போட்டு அடிக்கவில்லை.

வீட்டுக்குப் போகவில்லை. அவன் பட்டாளத்தின் வீட்டுக்குப் போக வேண்டும் என்றான். பயந்துகொண்டே கூடப் போனேன். பட்டாளம்தான் கதவைத் திறந்தார். இடது கையில் தோல் சுருங்கிப் பளபளவென்று இருந்தது. “வெயில்ல ஏன்டா நிக்கற? உள்ள வா” என்றார். தம்பி நின்றபடியே எல்லாவற்றையும் அவரிடமும் சொன்னான். அவர் மனைவி எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். பிறகு பட்டாளம், “மன்னிச்சுட்டேன்னு இன்னைக்குச் சொல்ல மாட்டேன்டா. ராத்திரியானா கை எரியுது” என்றார். தம்பி கிளம்பினான். வாசல் வரை வந்தவர், “அடுத்த வாரமும் வா” என்றார்.

அக்கா, வெள்ளிக்கிழமை ரயிலில் தம்பி உன்னைப் பார்க்க வருகிறான். உன்னைக் கேட்காமல் நானே டிக்கெட் எடுத்துவிட்டேன். கேட்டிருந்தால் நீ யோசித்திருப்பாய். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு உன் வாசலில் நிற்பான். எதையும் நீ அவனிடம் கேட்க வேண்டாம், அவனே சொல்வான். சொல்லும்வரை பொறுத்துக்கொள். மூட்டு வலி இருந்தாலும், வேறு யாரையும் அனுப்பாமல், நீயே எழுந்து வந்து கதவைத் திற.

என்றும் உன் சொல்லுக்குக் காத்திருக்கும்
தங்கை